மண்டபம் என்றால் எந்த மண்டபம்? ஒரு கடற்கரைப் படிப்பகத்தின் பட்டியல்: நிகழ்வு ஆய்வு

பாம்பனுக்கும் கீழக்கரைக்கும் நடுவே கடற்கரையூர் ஒன்றில் ஒரு படிப்பகம் இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலரும் ஊர் இளைஞர்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். நாளிதழ், போட்டித் தேர்வுப் புத்தகம், நாவல் எல்லாம் எங்கும் இருப்பவைதான். அதன் தனிச் சொத்து பின்னறையில் இருக்கும் ‘ஊர் அலமாரி’. தேவாலயத் திருவிழா மலர், கந்தூரி மலர், பள்ளி நூற்றாண்டு மலர், மண்டபத்திலிருந்து வந்த மீன்வள அறிக்கைகள், கெசட்டியர் நகல்கள், அரபுத்தமிழ் அச்சுப் பிரதிகள், பின்புறம் ஒன்றும் எழுதாத புகைப்படங்கள், சங்கு குளித்த பெரியவர்களைப் பேசவைத்துப் பதிந்த கேசட்டுகள். பழைய பேப்பர் கடையில் போட்டால் நூறு ரூபாய் தேறாது. தொலைந்தால் வேறெங்கும் கிடைக்காது.

முதுகலை மாணவி ஒருவர், பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி ஆய்வேடு எழுத இங்கே வந்தார். படிப்பகக் கணினியில் ‘கடல்பாசி’ என்று தேடினார். ஒன்றும் வரவில்லை. ‘பாம்பன் பெண்கள்’ என்று தேடினார். அதற்கும் இல்லை.

“இங்க ஒண்ணும் இல்ல போல சார்.”

பொறுப்பில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் நிமிர்ந்து பார்த்தார். “இல்லன்னு யாரும்மா சொன்னா? அந்தப் பொட்டியா?”

எழுந்து பின்னறைக்குப் போனவர் ஒரு திருவிழா மலர், மகளிர் குழு ஒன்றின் துண்டறிக்கைக் கட்டு, ஆங்கில அறிக்கைகள் சில, இரண்டு கேசட்டுகள் என்று அள்ளிக்கொண்டு வந்தார். மலரில் உள்ளூர் ஆசிரியை ஒருவர் பாசி எடுக்கப் போகும் பெண்களைப் பற்றி விரிவாகவே எழுதியிருந்தார். கேசட்டில் அந்தப் பெண்களில் ஒருவரே பேசியிருந்தார். மாணவிக்கு வேண்டியதெல்லாம் அலமாரியில் இருந்தது. அது இருக்கும் இடம் தெரிந்த ஒரே ஆளுக்கு எழுபது வயதுக்கு மேல்.

அந்தப் பட்டியலைத் திருத்தி அமைக்கும் வேலையில் நானும் சேர்ந்துகொண்டேன். ஏன் கிடைக்கவில்லை, என்ன செய்தோம், செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட பிறகு இந்த வேலைக்கு அர்த்தம் உண்டா என்பவை பற்றியது இந்த ஆய்வு.

பட்டியலில் இருந்தது

பட்டியல் என்றால் ஓர் எக்செல் கோப்பு. வரிசை எண், தலைப்பு, ஆசிரியர், விலை, அலமாரி எண். பழைய வரவுப் பதிவேட்டில் இருந்ததை அப்படியே கணினியில் ஏற்றியிருந்தார்கள். வரவுப் பதிவேடு தணிக்கைக்காக எழுதப்படுவது. எத்தனை புத்தகம் இருக்கிறது, தொலைந்தால் விலை என்ன என்று சொல்லும். தேடி வருகிறவரை நினைத்து அதை யாரும் எழுதுவதில்லை. அந்த மலர் ‘விழா மலர்’ என்று பதிவாகியிருந்தது. கேசட்டுகள் ‘கேசட் 1’, ‘கேசட் 2’. ஆசிரியர் பத்தியில் வெறும் கோடு.

கோப்பின் முற்பாதியை பாமினி எழுத்துருவில் அடித்திருந்தார்கள், பிற்பாதியை யூனிகோடில். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. ஆனால் டைப்பிங் சென்டர்களில் கைப்பழக்கம் அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. பாமினி எழுத்துரு இருக்கும் கணினியில் இரண்டு பாதியும் கண்ணுக்குத் தமிழாகத்தான் தெரியும். தேடும் நிரலுக்கோ முற்பாதி ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியும் கலந்த கூளம். மாற்றித் தரும் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, மாற்றினோம், முடிந்தது. யூனிகோடுக்குள்ளேயே சில தொல்லைகள் உண்டு. ‘ஔ’வை ஒரே எழுத்தாகவும் அடிக்கலாம், ‘ஒ’வையும் ‘ள’வையும் பக்கத்தில் போட்டும் ஒப்பேற்றலாம். ‘ஸ்ரீ’க்கும் இரண்டு குறியேற்றம் இருக்கிறது. பார்க்க ஒன்று போலவே இருப்பதால் பிழை என்று யாருக்கும் தோன்றாது. தேடும்போது மட்டும் சிக்கும்.

மெட்டாடேட்டா என்பது பெரிய சங்கதி இல்லை. ஓர் ஆவணத்தை யார் எழுதியது, எப்போது, எங்கே, எதைப் பற்றி, எந்த மொழியில், எந்த எழுத்தில், யாரிடமிருந்து வந்தது, யார் பார்க்கலாம் என்ற குறிப்பு. நூலகங்கள் கணினிக்கு வெகுகாலம் முன்பிருந்தே இதைச் செய்துவருகின்றன. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1933-ல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில் ஒரு பொருளை ஒரே பெட்டிக்குள் அடைக்காமல் பல முகங்களாகப் பிரித்தார்: எது, எதனால் ஆனது, என்ன செயல், எங்கே, எப்போது. மாணவியின் தலைப்பை அப்படிப் பிரித்தால் பாசி, எடுத்தல், பெண்கள், பாம்பன், காலம் என்று தனித்தனியாக வரும். நூலகங்களில் பரவலாகப் புழங்கும் டியூயி பகுப்பு எண்ணில் போடப் போனால் திண்டாட்டம். பெண் தொழிலாளர் என்று 331.4-ல் வைப்பதா, மீன்பிடிப்பு என்று 639.2 பக்கம் வைப்பதா, பாசியினம் என்று 579.8-ல் வைப்பதா? புத்தகம் ஓர் இடத்தில்தான் நிற்க முடியும். பட்டியலில் அதன் பெயர் மூன்று இடத்திலும் இருக்கலாம். அட்டைக் காலத்தில் ஒவ்வொரு கூடுதல் இடத்துக்கும் ஓர் அட்டை எழுத வேண்டும். இப்போது அந்தச் செலவு இல்லை, ஆனாலும் பலர் இன்னும் அட்டைக் காலத்துச் சிக்கனத்தோடுதான் பதிவு போடுகிறார்கள்.

பாசிக்கு எத்தனை பெயர்

மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிப் பாசி எடுக்கும் பெண்கள் ‘கடல்பாசி’ என்று முழுசாகச் சொல்வது அபூர்வம். பாசி என்பார்கள், இல்லாவிட்டால் இனத்தைச் சொல்வார்கள்: மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இவையே ஜெலிடியெல்லா அசெரோசா, கிராசிலேரியா எடுலிஸ், சர்காசம். அரசுத் தாள்களில் ‘கடற்பாசி’. மாணவி அடித்தது ‘கடல்பாசி’. ல் புணர்ந்து ற் ஆனது நமக்குத் தெரியும். எழுத்தை எழுத்தோடு ஒப்பிடும் நிரலுக்கு இவை இரண்டு வேறு சொற்கள்.

இணையத்தில் ‘கடல்பாசி’ என்று தேடிய மாணவிக்கு நோன்பு திறக்கும் நேரத்தில் செய்கிற இனிப்புக் கடல்பாசியின் சமையல் குறிப்புகள் வரிசையாக வந்தனவாம். அதையும் தவறு என்று சொல்ல முடியாது. மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து எடுக்கும் அகர்தான் அந்தப் பண்டத்தின் மூலப்பொருள். கீழக்கரையில் ஒருவர் அதே சொல்லைத் தேடினால் அவருக்கு வேண்டியது ரோஸ் மில்க் ஊற்றிச் செய்யும் பக்குவமாகவும் இருக்கலாம். எந்தக் கடல்பாசி என்று சொல்வது பட்டியல் போடுகிறவரின் வேலை.

எந்த வடிவத்தைத் தலைப்புச் சொல்லாக வைப்பது என்று எங்களுக்குள் ஒரு சின்னத் தகராறு. தமிழாசிரியர் ‘கடற்பாசி’தான் முறை என்றார். இளைஞர்கள் யாரும் அப்படித் தட்டச்சு செய்வதில்லை என்றார்கள். ‘கடல்பாசி’யை வைத்து, மற்ற எல்லா வடிவங்களிலிருந்தும் அதற்கு வழி போட்டோம். தலைப்புச் சொல் எதுவாக இருந்தாலும் ஒன்றும் குடிமுழுகாது. எந்தச் சொல்லோடு வந்தாலும் ஆள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தால் போதும். தமிழில் கலைச்சொல் பற்றிப் பேச உட்காருகிறவர்கள் தலைப்புச் சொல் எது என்ற முதல் பாதியிலேயே நேரத்தையெல்லாம் தீர்த்துவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

எழுத்துப்பிழை பொறுக்கும் தேடல் வசதியை முடுக்கிவிட்டால் இதெல்லாம் சரியாகிவிடும் என்றார் ஒரு தம்பி. முடுக்கினோம். கடல்பசுவை இந்தக் கரையில் ஆவுளியா என்பார்கள். ‘ஆவுளியா’ என்று தேடினால் ஏர்வாடி, கீழக்கரை தர்காக்களின் அவுலியாக்களை (இறைநேசர்களை)ப் பற்றிய கந்தூரி மலர்கள் எல்லாம் வந்து நின்றன. அந்த வசதியைக் குறைத்துவைத்து, ஆவுளியாவிலிருந்து கடல்பசுவுக்குக் கைப்படவே ஒரு வழி போட்டோம்.

மண்டபமும் ஏர்வாடியும்

ஊர்ப்பெயர்தான் எங்களை அதிகம் படுத்தியது. ‘மண்டபம்’ என்று தேடினால் ஊரும் வரும், ராமேசுவரம் கோயில் மண்டபமும் வரும், திருமண மண்டபத் திறப்பு விழா அழைப்பிதழும் வரும். இதற்கு மேல் இன்னொரு வகைக் குழப்பமும் உண்டு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் 1949 முதல் 1971-ல் கொச்சிக்கு மாறும்வரை மண்டபம் கேம்ப்பில் இருந்தது. அந்தக் கால வெளியீடுகளில் வெளியான இடம் ‘மண்டபம் கேம்ப்’. கேரளத்து மத்தி மீனைப் பற்றிய கட்டுரைக்கும் அதே முகவரி. வெளியான இடம், பேசப்படும் இடம் என்று தனிப் புலங்கள் (விவரம் எழுதும் கட்டங்கள்) இல்லாத பட்டியலில் மலபார்க் கரை முழுக்க மண்டபத்தில் வந்து இறங்கிவிடும். ‘மண்டபம் (ஊர்)’ என்று அடைப்புக்குறி போட்டு, பொருள் சார்ந்த இடத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்தினோம். திருநெல்வேலி மாவட்டத்திலும் ஓர் ஏர்வாடி இருப்பதால் அதற்கும் இதே வைத்தியம்.

ராமநாதபுரம் இதைவிட மோசம். அரசுத் தாளில் இராமநாதபுரம், பத்திரிகையில் ராமநாதபுரம், பஸ் ஸ்டாண்டில் ராம்நாடு, மேடையில் முகவை. கிறித்தவத் துறவிகளின் பழைய கடிதங்களில் மறவர் நாடு. வெளிநாட்டு நூலகங்களின் பதிவை இணையம் வழியே அப்படியே இறக்கிக்கொள்ளலாம் என்றால், அங்கே தமிழ்ப் பெயரை ரோமன் எழுத்தில் ஒரு தனி விதிப்படி எழுதுகிறார்கள். இராமநாதபுரம் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். ‘த’வுக்கு ‘டி’ மட்டும், ‘ஹெச்’ சேர்க்க மாட்டார்கள். விதி ஒழுங்கானதுதான். ஆனால் ஊரில் யாரும் தன் ஊர்ப்பெயரை அப்படி அடிக்க மாட்டார்கள். தமிழ் எழுத்திலேயே மூலவடிவத்தைச் சேர்த்து வைக்க, நூலகப் பதிவுகளைக் கணினியில் வைக்கும் பொது வடிவமான மார்க்கில் 880 என்று ஒரு புலம் இருக்கிறது. இறக்கிய பதிவுகளில் பலவற்றில் அது காலி.

ஆள்பெயரிலும் இதே கதை. ராமேசுவரத்தில் 1931-ல் பிறந்த அப்துல் கலாமின் பெயருக்கு முன்னால் நிற்கும் மூன்று எழுத்துகளும் முன்னோர் பெயர்கள். குடும்பப்பெயர் என்று ஒன்றைத் தேடிப் பிடிக்கும் பட்டியல் விதி அங்கே தடுமாறும். கலாம் என்று தொடங்குவதா, அப்துல் என்று தொடங்குவதா, தமிழில் ஏ.பி.ஜே. என்பதா, ஆ.ப.ஜெ. என்பதா? அவர் உலகப் புகழ் பெற்றவர் என்பதால் பெரிய நூலகங்கள் எல்லா வடிவங்களையும் ஒரே ஆளோடு கட்டி வைத்திருக்கின்றன. நம் மலரில் எழுதிய உள்ளூர் ஆசிரியைக்கு அதை யார் செய்வார்? நாமேதான்.

‘புதிய பாலம்’

1988-ல் வந்த மலர் ஒன்றில் ‘புதிய பாம்பன் பாலம்’ என்று ஒரு கட்டுரை. அது அந்த ஆண்டு அக்டோபர் 2-ல் திறக்கப்பட்ட சாலைப் பாலம். 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்ட, நடுப்பகுதி செங்குத்தாகத் தூக்கப்படும் ரயில் பாலமும் ‘புதிய பாம்பன் பாலம்’தான். 1914-ல் திறந்த ரயில் பாலத்தை இப்போது பழைய பாலம் என்கிறோம். அன்றைய தாளில் அதுதான் ஒரே பாலம். தலைப்பை நம்பிப் பதிவு போட்டால் மூன்று பாலமும் ஒன்றாகிவிடும். ஒவ்வொன்றையும் திறந்த ஆண்டோடும் வகையோடும் தனித் தலைப்பாக்கி, மலர்க் கட்டுரையைச் சாலைப் பாலத்தோடு கட்டினோம். 

மாவட்டத்துக்கும் காலம் போட வேண்டியிருந்தது. ராம்நாடு மாவட்டம் 1910-ல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து உருவானது. 1985-ல் மூன்றாகப் பிரிந்தது. ஆக 1905-ஆம் ஆண்டுத் தாளில் இந்தக் கரையைத் தேடுகிறவர் மதுரை மாவட்டத்தில் தேட வேண்டும். 1970-ஆம் ஆண்டு அறிக்கையில் ‘ராமநாதபுரம் மாவட்டம்’ என்றால் சிவகாசியும் காரைக்குடியும் உள்ளே இருக்கும். பள்ளிகளின் எண்ணிக்கை, மக்கள்தொகை, நெல் விளைச்சல் எதையும் இன்றைய மாவட்டத்தோடு அப்படியே ஒப்பிட முடியாது. சிவகங்கைக்கும் விருதுநகருக்கும் கடல் கிடையாது, அதனால் மீன்பிடிக் கணக்குக்குப் பெரிய பாதிப்பு இல்லை. கடல் ஆராய்ச்சிக்காரர்கள் இந்தச் சிக்கலைக் கவனிக்காமல் போவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். கல்வி வரலாறு எழுதுகிறவர் அகப்பட்டுக்கொள்வார்.

மார்க் வடிவத்தில் ஊர்ப்பெயருக்கென்று தனிப் பதிவு வைத்து, முந்தைய பெயர், பிந்தைய பெயர் என்று இணைப்புக் கொடுக்க முடியும். நூலக அறிவியல் வகுப்பில் எல்லோரும் படிப்பதுதான். சிறு நூலகங்களில் யாரும் செய்வதில்லை. செய்ததால் கிடைக்கும் பலன் பதிவேட்டில் தெரியாது.

எழுத்து வேறு, மொழி வேறு

ஊர் அலமாரியில் அரபு எழுத்தில் அச்சான சில பிரதிகள் இருந்தன. எக்செலில் மொழி என்று தனிப் பத்தி இல்லாததால் தலைப்புப் பத்தியில் ‘அரபிப் புத்தகம்’ என்று போட்டு விட்டிருந்தார்கள். கீழக்கரையிலிருந்து பெரியவர் ஒருவரை வரவழைத்தோம். இளைஞர்கள் அவரைக் காக்கா (அண்ணன்) என்றார்கள். புரட்டிப் பார்த்து, மெல்ல ஓசையோடு வாசிக்கத் தொடங்கினார். கேட்டுக்கொண்டிருந்த தமிழாசிரியர் முகம் மாறியது. “காக்கா, இது தமிழாச்சே!”

“தமிழ்தான். எழுத்துதான் அரபு. எங்க உம்மாவெல்லாம் இதுலதான் ஓதுனாங்க.”

அரபுத்தமிழில் கீழக்கரையும் காயல்பட்டினமும் பெரிய நிலையங்கள். 19-ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அதில் நிறைய எழுதியவர். இந்தப் பிரதிகளை ‘அரபி’ என்று பட்டியலிட்டால் தமிழ் இலக்கியம் தேடுகிறவருக்குக் கிடைக்காது. அரபி தெரிந்து எடுத்துப் பார்க்கிறவருக்குப் புரியாது. மார்க்கில் மொழிக்கு ஒரு குறியீடு, எழுத்தைச் சொல்ல வேறொரு குறிப்பு என்று இடம் இருக்கிறது. மொழி தமிழ், எழுத்து அரபு என்று மாற்றி, காக்கா வாசித்துச் சொன்ன தலைப்பைத் தமிழ் எழுத்தில் கூடுதல் தலைப்பாகச் சேர்த்தோம். மொத்த வேலையிலும் மிகக் குறைந்த நேரத்தில் மிக அதிகப் பலன் தந்தது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

செய்த வேலை

மென்பொருளுக்கு கோஹாவை எடுத்துக்கொண்டோம். நியூசிலாந்தில் ஒரு சிறு நூலக அமைப்புக்காக எழுதப்பட்டு 2000-ல் வெளிவந்த திறமூல நிரல் அது, காசு கிடையாது. நிறுவத் தெரிந்த ஒரு பையன் ஊரிலேயே இருந்தான்.

பெரும் உழைப்பு மலர்களில்தான். ஒரு மலருக்குள் பத்திருபது கட்டுரைகள் இருக்கும். விளம்பரப் பக்கங்களும் ஆவணம்தான். எந்த ஆண்டில் எந்த ஐஸ் கம்பெனி இருந்தது, யார் விசைப்படகு கட்டினார்கள் என்று அவைதான் சொல்கின்றன. ஒவ்வொரு மலரின் உள்ளடக்கத்தையும் கட்டுரைத் தலைப்பு, எழுதியவர், ஊர், பொருள் என்று அடித்துச் சேர்த்தோம். பள்ளி மாணவர்கள் அடித்தார்கள், ஆசிரியர்கள் சரிபார்த்தார்கள். விளம்பரங்களைக் கடைசிவரை அடிக்க முடியவில்லை. ‘உள்ளூர் வணிக விளம்பரங்கள் உண்டு’ என்று ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டோம்.

பொருள் சொற்களுக்கு இரண்டு அடுக்கு வைத்தோம். மேலடுக்கில் ஒழுங்கு செய்த தலைப்புச் சொற்கள். கீழடுக்கில் கரையில் புழங்கும் சொற்கள் கட்டுப்பாடில்லாமல்: வத்தை, பார் (கடலடிப் பாறைத் திட்டு), கச்சான், கட்டக்கோரை. நூலகர்கள் இரண்டாவது அடுக்கை மட்டமாகப் பார்ப்பதுண்டு. எங்கள் அனுபவத்தில் மக்கள் தேடி எடுத்ததில் கணிசம் அதன் வழியேதான். ஊர்ப்பெயர் வடிவங்களை, எவரும் சேர்க்கக்கூடிய திறந்த தரவுத்தளமான விக்கிடேட்டாவிலும் மாற்றுப் பெயர்களாகச் சேர்க்கத் தொடங்கினோம். அங்கே போட்டால் வேறு நூலகங்களும் எடுத்துக்கொள்ளலாம்.

மாணவி மறுபடி வந்து தேடியபோது மலர்க் கட்டுரை வந்தது. கேசட்டும் வந்தது. ஆங்கில அறிக்கைகளும் ‘கடல்பாசி’ என்ற தமிழ்ச் சொல்லுக்கே வந்தன.

எந்திரம் படித்துவிடாதா?

வந்து பார்த்தவர்கள் அநேகமாக எல்லோரும் கேட்ட கேள்வி: எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து போட்டால் ஏஐ படித்துக்கொள்ளாதா, இத்தனை பாடு எதற்கு?

பாதி நியாயமான கேள்வி. கடல்பாசியும் கடற்பாசியும் ஒன்றே, அதுவே ஆங்கிலத்தில் சீவீட் என்று கண்டுபிடிப்பது இன்றைய மொழி மாதிரிகளுக்குப் பெரிய காரியமில்லை. சொல்லைச் சொல்லாகப் பார்க்காமல் பொருளின் நெருக்கத்தைப் பார்க்கும் தேடல் பரவினால், சொல்வடிவங்களுக்கு நாங்கள் போட்ட வழிகளில் பெரும்பகுதி சில ஆண்டுகளில் வேண்டாததாகிவிடும். அதற்காக வருத்தப்பட ஒன்றுமில்லை. எந்திரம் செய்யக்கூடியதை எந்திரத்திடம் விட்டுவிடலாம்.

ஸ்கேன் செய்தாலே எழுத்து வந்துவிடும் என்பதை அவ்வளவு லேசாக நம்ப முடியாது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணை, லை, னை எல்லாம் கொம்பு வளைத்த பழைய வடிவில் இருக்கும். ணா, றா, னாவும் அப்படியே. எழுத்துணரி நிரல்கள் அங்கே இடறுகின்றன. எழுத்து சரியாகவே வந்தாலும் காலம் தவறினால் என்ன ஆகும் என்பதற்குக் கூகுள் புத்தகத் தேடல் நல்ல சாட்சி. 2009-ல் மொழியியலாளர் ஜெஃப்ரி நன்பர்க் சுட்டிக்காட்டினார்: வேறு வேறு காலத்துப் புத்தகங்கள் பல, 1899-ல் வெளியானதாக அதில் பதிவாகியிருந்தன. முழு உரையும் கையில் இருந்தது, ஆண்டு மட்டும் பிழை. ஒரு சொல் எப்போது புழக்கத்துக்கு வந்தது என்று பார்க்கப் போனவருக்கு அந்த முழு உரையால் பயன் என்ன? நம் 1988 மலரை ஆண்டுக் குறிப்பு இல்லாமல் ஊட்டினால், ‘புதிய பாலம்’ என்ற வாக்கியம் 2025 பாலத்துக்குப் போய் ஒட்டிக்கொள்ள எல்லா வழியும் உண்டு. பதில் தெளிவான தமிழில் வரும் என்பதால் சந்தேகமும் வராது.

பொருள் சொற்களைப் பரிந்துரைக்கும்படி ஓர் ஏஐ கருவியிடம் கொடுத்துப் பார்த்தோம். ஆங்கில மீன்வள அறிக்கைகளுக்கு நன்றாகவே செய்தது. நாங்கள் விட்ட சிலவற்றையும் பிடித்தது. தமிழ் மலர்களுக்கு ‘கல்வி, பண்பாடு, சமூகம், ஆன்மிகம்’ என்று தந்தது. எந்த மலருக்கும் பொருந்தும், எந்த மலரையும் தேடி எடுக்க உதவாது. ஃபின்லாந்து தேசிய நூலகம் ஆனிஃப் என்ற திறமூல நிரலைத் தானியங்கிப் பொருள் குறிப்புக்காக உருவாக்கியிருக்கிறது. அதற்குப் பழக்க ஓர் ஒழுங்கான சொற்பட்டியல் வேண்டும், மனிதர் குறித்த பதிவுகளும் நிறைய வேண்டும். அங்கே இரண்டும் ஏற்கெனவே இருந்தன. தமிழில் நூலகங்கள் சேர்ந்து பயன்படுத்தும் அளவில் முதலாவதே இன்னும் கைக்கு வரவில்லை. ஆக எந்திரம் உதவ வேண்டுமானாலும் முதலில் மனிதர் கொஞ்சம் உழைத்தாக வேண்டும்.

அமெரிக்க லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் மார்க்குக்குப் பதிலாக பிப்ஃப்ரேம் என்ற இணைப்புத் தரவு முறையை உருவாக்கிவருகிறது. பதிவு என்ற ஒற்றைத் தாளை உடைத்து ஆள், படைப்பு, ஊர், பிரதி என்று தனித்தனி உருப்படிகளாக்கி இணைப்பது அதன் வழி. மூன்று பாலங்களையும் மூன்று உருப்படிகளாக வைத்து எல்லா மலர்களையும் அவற்றோடு கட்டுவதற்கு அது மார்க்கைவிட இயல்பானது. ஆனால் எங்கள் படிப்பகம் அளவுள்ள இடத்தில் வடிவம் எது என்பது இரண்டாம் பட்சம். உள்ளே போட வேண்டிய விவரம் இருந்தால் பிறகு எந்த வடிவத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம். விவரம் இல்லாத பதிவை எந்த வடிவத்தில் வைத்தாலும் அது ‘விழா மலர்’தான்.

என் தீர்மானம் இது. சிறு நூலகங்கள் எழுத்துக்கூட்டலிலும் பகுப்பெண்ணிலும் செலவிடும் நேரத்தைக் குறைக்க வேண்டும். ஊரில் மட்டுமே தெரிந்த விவரங்களுக்கு அந்த நேரத்தைத் திருப்ப வேண்டும். ‘கேசட் 2’-ல் பேசும் அக்கா யார், எந்த ஆண்டு, எந்தத் தீவைப் பற்றிப் பேசுகிறார், யார் பதிவு செய்தது? புகைப்படத்தில் இருப்பது 1964 டிசம்பர் புயலுக்கு முந்தைய தனுஷ்கோடியா, பிந்தையதா, யார் வீட்டு ஆல்பத்திலிருந்து வந்தது? ஆசிரியரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதினால் கிடைக்கும். எந்திரம் இதை ஊகிக்கத்தான் முடியும். ஊகித்துவிட்டு உறுதியாகவும் சொல்லும். தனுஷ்கோடி என்று இணையத்தில் சுற்றும் படங்களில் எது எந்த ஆண்டு என்று பிரிக்க முடியாமல் கிடப்பதை டிசம்பர் மாதங்களில் பார்க்கலாம்.

திறந்து வைப்பதும் வைக்காததும்

இன்னும் தீராத ஒரு விஷயம் இருக்கிறது. சங்கு குளித்த பெரியவர்கள் கேசட்டில் கடலடிப் பார்களின் பெயர்களைச் சொல்லியிருக்கிறார்கள். எந்தப் பாருக்கு எந்தக் கோபுரத்தைக் குறிவைத்துப் போவது, எங்கே எது கிடைக்கும் என்று விவரமாகவே இருக்கிறது. தேடல் வசதிக்கு அவை தங்கமான சொற்கள். ஆனால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. தடை செய்யப்பட்ட கடல் அட்டைக்குக் கள்ளச் சந்தை இருக்கிறது. பார் பெயரை இணையத்தில் எவரும் தேடி எடுக்கும்படி வைப்பது யாருக்கு உதவும்? பதிவு செய்தபோது அந்தப் பெரியவர்கள் ஊர்ப் பிள்ளைகளுக்காகத்தான் பேசினார்கள். இணையம் என்று ஒன்று வரும் என்று அப்போது யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

இளைஞர்கள் எல்லாவற்றையும் திறந்துவிடலாம் என்றார்கள். பேசியவர்களில் உயிரோடிருப்பவர்களிடமும் மற்றவர்களின் வீட்டாரிடமும் கேட்க வேண்டும் என்றார் ஆசிரியர். ஒரு வீட்டில் சம்மதித்தார்கள். இன்னொரு வீட்டில், “ஊரு பேரோட நிறுத்திக்கங்க தம்பி, கடலுக்குள்ள போகாதீங்க” என்றார்கள். அணுகல் கட்டுப்பாட்டுக்கு மார்க்கில் 506 என்று ஒரு புலம் உண்டு. நூலகப் பட்டியல்களில் நான் அதிகம் பார்க்காத புலம். இப்போதைக்குப் பொதுப் பட்டியலில் பேசுபவர், ஆண்டு, ஊர் மட்டும் இருக்கின்றன. பார் பெயர்கள் உள்ளே பார்க்கிறவர்களுக்கு மட்டும் தெரியும் புலத்தில், ஒவ்வொன்றுக்கும் யார் சம்மதித்தார் என்ற குறிப்போடு இருக்கின்றன. இன்னும் கேட்டு முடிக்காத வீடுகள் இருக்கின்றன. அந்தக் கேசட்டுகளின் பதிவில் அந்தப் புலம் காலியாகவே இருக்கிறது.